அக ஆற்றல்: துகள்களோட அடுக்கு மாறினா நிலை ஆற்றல் ஏன் மாறுது? புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு படிப்படி வழிகாட்டி

0 டிகிரில இருக்குற 100 கிராம் ஐஸ் ஒரு பக்கம், அதே 0 டிகிரில இருக்குற 100 கிராம் தண்ணி இன்னொரு பக்கம். ரெண்டுலயும் தெர்மாமீட்டர் விட்டா ஒரே நம்பர்தான் காட்டும். ஆனா அந்தத் தண்ணிக்குள்ள ஐஸை விட கிட்டத்தட்ட 33,400 ஜூல் அதிகமா இருக்கு. அது எங்க ஒளிஞ்சிருக்கு, தெர்மாமீட்டருக்கு ஏன் அது தெரியல, இதுக்கு சொந்த வார்த்தையில பதில் சொல்ல வந்துட்டா அக ஆற்றல் பாடம் முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிதான். புதுசா தொடுறவங்க நிறைய பேர் "சூடு ஏறினா ஆற்றல் ஏறும்"னு ஒரு வரியோட நிறுத்திடுறாங்க, அது பாதிதான், மீதிப் பாதி துகள்கள் எப்படி அடுக்கியிருக்குங்கிறதுல இருக்கு, பாடத்தோட அழகே அந்தப் பாதியிலதான் இருக்குன்னு நான் நம்புறேன். பேப்பர் பென்சில் பக்கத்துல வச்சுக்கங்க, நடுவுல ரெண்டு படம் வரைய வேண்டியிருக்கு.

படி 1: எதை சேர்க்கக் கூடாதுன்னு முதல்ல ஒதுக்கிடுங்க

ஒரு பாட்டில் தண்ணியை மாடிக்கு எடுத்துட்டுப் போனா அதோட உயரம் கூடுது, தூக்கிப் போட்டா வேகம் கூடுது. ரெண்டுலயும் ஆற்றல் கூடுதுங்கிறது உண்மை, ஆனா அது பாட்டில் மொத்தமா ஒரு பொருளா நகர்ந்ததால வந்தது, அக ஆற்றல் கணக்குல வராது. அக ஆற்றல்னா பொருளுக்குள்ள இருக்குற துகள்களோட தாறுமாறான அசைவுல இருக்குற இயக்க ஆற்றல், அதோட அந்தத் துகள்கள் ஒண்ணை ஒண்ணு இழுக்கறதால தள்ளுறதால வர நிலை ஆற்றல், இந்த ரெண்டோட மொத்தக் கூட்டல். மாடியில இருக்குற தண்ணியும் கீழ இருக்குற தண்ணியும் ஒரே டெம்பரேச்சர், ஒரே அளவுன்னா அக ஆற்றல் ஒண்ணுதான்.

படி 2: இயக்க ஆற்றல், சுலபமான பாதி

துகள் சும்மா நிக்கவே நிக்காது. சாலிட்ல இருந்த இடத்துலயே அதிரும், லிக்விட்ல அதிர்ந்துகிட்டே பக்கத்து இடத்துக்கு நழுவும், கேஸ்ல மோதிக்கிட்டும் பறந்துகிட்டும் இருக்கும். சாதாரண அறை டெம்பரேச்சர்ல காத்துல இருக்குற நைட்ரஜன் மூலக்கூறு சராசரியா வினாடிக்கு 500 மீட்டருக்குப் பக்கத்துல ஓடுது. இந்த ஓட்டத்தோட சராசரி இயக்க ஆற்றலைத்தான் டெம்பரேச்சர் நமக்குக் காட்டுது. அது ஏறினா இது ஏறியிருக்கு, அது அசையலன்னா இதுவும் அசையல. இதை அழுத்தமா எழுதி வச்சுக்கங்க, பின்னாடி வர எல்லாக் குழப்பத்துக்கும் இதுதான் சாவி.

"சராசரி"ங்கிற வார்த்தையை மட்டும் விட்டுடாதீங்க. ஒரு கப் கொதிக்கிற தண்ணிக்கு டெம்பரேச்சர் அதிகம், ஆனா ஒரு பெரிய தொட்டி நிறைய இருக்குற வெதுவெதுப்பான தண்ணிக்கு மொத்த அக ஆற்றல் அதைவிட எக்கச்சக்கமா அதிகம், ஏன்னா துகள்களோட எண்ணிக்கை அவ்வளவு. ஒண்ணு சராசரி, இன்னொண்ணு மொத்தம்.

படி 3: நிலை ஆற்றல், இங்கதான் நிதானமா போகணும்

ஒட்டியிருக்குற ரெண்டு காந்தத்தைப் பிரிச்சு இழுத்துப் பாருங்க. கை வேலை செய்யுது, ஆனா காந்தம் எங்கயும் ஓடல, சூடாகவும் இல்ல, அப்ப நீங்க செஞ்ச வேலை எங்க போச்சுன்னு கேட்டா, கையை விட்டதும் டப்புன்னு ஓடி வந்து ஒட்டுது பாருங்க, அதுதான் பதில், அந்த வேலை இடைவெளியில சேமிப்பா இருந்திருக்கு. துகள்களுக்கு நடுவுல இருக்குறது மின்விசை, காந்த விசை இல்ல, ஆனா கணக்கு அதேதான். ஒண்ணை ஒண்ணு இழுக்குற துகள்களைத் தள்ளி வைக்கணும்னா வேலை செய்யணும், அந்த வேலை நிலை ஆற்றலா உள்ள போய் உக்காந்துக்கும். அதுங்க திரும்ப நெருங்கி வந்தா அதே ஆற்றல் வெளிய வந்துடும்.

இதுல கவனிக்க வேண்டியது, நிலை ஆற்றல் ஒரு துகளுக்குள்ள இருக்குற சரக்கு இல்ல. ரெண்டு துகளுக்கும் சேர்ந்தது, அதுங்களுக்கு நடுவுல இருக்குற தூரத்தையும் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுங்கிறதையும் பொறுத்தது. அதனாலதான் அடுக்கு மாறினா இது மாறுது.

இப்ப முதல் படம் வரைங்க. படுக்கைக் கோட்டுல ரெண்டு துகளுக்கு நடுவுல உள்ள தூரம், நிக்கிற கோட்டுல நிலை ஆற்றல், நடுவுல பூஜ்யம். ரொம்ப தூரத்துல ஒண்ணுக்கு இன்னொண்ணு இருக்குறதே தெரியாது, அதனால அங்க நிலை ஆற்றலை பூஜ்யம்னு வச்சுக்கறோம். தூரத்துல இருந்து நெருங்க நெருங்க கோடு பூஜ்யத்துக்குக் கீழ இறங்கும், ஒரு இடத்துல அடி தொடும், அதுக்கு அப்புறம் இன்னும் நெருக்கினா எலக்ட்ரான் கூட்டம் ஒண்ணோட ஒண்ணு மேல ஏறப் பார்க்கறதால கோடு செங்குத்தா மேல எகிறும். ஒரு பள்ளம் மாதிரி வரும். ஆர்கான் அணுக்களுக்கு இந்தப் பள்ளத்தோட அடி சுமார் 0.38 நானோமீட்டர் தூரத்துல இருக்கு. பள்ளம் ஆழமா இருந்தா துகள்களைப் பிரிக்க நிறைய ஆற்றல் வேணும், ஆழம் கம்மின்னா சீக்கிரம் பிரிஞ்சுடும், ஆர்கான் மைனஸ் 186 டிகிரியிலயே கொதிக்கறதுக்கும் தண்ணி 100 டிகிரி வரைக்கும் காத்திருக்கறதுக்கும் காரணம் இந்த ஆழ வித்தியாசம்தான், தண்ணி மூலக்கூறுகளுக்கு நடுவுல ஹைட்ரஜன் பிணைப்பு (ஒரு மூலக்கூறோட ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறோட ஆக்சிஜனை இழுத்துப் பிடிக்கறது) இருக்கு, ஆர்கானுக்கு அந்த வசதி கிடையாது.

நெகட்டிவ்ங்கிறதைப் பார்த்து பயப்பட வேணாம். பூஜ்யத்தை எங்க வைக்கறதுங்கிறது நம்ம வசதிக்கு எடுத்த முடிவு. மைனஸ் 5ல இருந்து மைனஸ் 3க்கு வந்தா அது ஏற்றம்தான், இந்த ஒரு கூட்டல் கழித்தல் மட்டும் தெளிவா இருந்தா போதும்.

படி 4: மூணு நிலையையும் அந்தப் படத்துல வைங்க

சாலிட்ல துகள்கள் ஒழுங்கா அடுக்கி, ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்குறதோட பள்ளத்தோட அடிக்குப் பக்கத்துல அதிர்ந்துகிட்டு இருக்கு, அதனால நிலை ஆற்றல் இருக்குறதுலயே கம்மி, அதாவது ரொம்ப நெகட்டிவ். லிக்விட்ல அடுக்கு உடைஞ்சிருக்கு, ஆனா துகள்கள் இன்னும் கிட்டக் கிட்டதான் இருக்கு, சில பிணைப்பு அறுந்து சில பிணைப்பு வளைஞ்சு கிடக்கு, அதனால நிலை ஆற்றல் கொஞ்சம் மேல. கேஸ்ல ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம், அதனால நிலை ஆற்றல் கிட்டத்தட்ட பூஜ்யம்.

"பூஜ்யம்னா அதுதானே கம்மி"ன்னு இங்க பல பேர் வழுக்கி விழுறாங்க. மத்த ரெண்டும் நெகட்டிவ்ல இருக்குறதால மூணுலயும் பூஜ்யம்தான் பெருசு. கேஸுக்குத்தான் நிலை ஆற்றல் அதிகம்.

படி 5: கண்ணால பாருங்க

பொடியா உடைச்ச ஐஸை ஒரு பாத்திரத்துல போட்டு, தெர்மாமீட்டரோட குமிழ் பாத்திரத்தோட அடியில படாம நடுவுல இருக்குற மாதிரி வச்சு, சூட்டைக் கம்மியா வச்சு, நல்லா கலக்கிக்கிட்டே 30 வினாடிக்கு ஒரு தடவை ரீடிங் எழுதுங்க. கலக்கலன்னா அடியில சூடான தண்ணியும் மேல ஐஸும் தனித்தனியா நின்னு ரீடிங் குழம்பிடும், இதுல வர சொதப்பல் பெரும்பாலும் கலக்காம விட்டதாலதான். ஐஸ் இருக்குற வரைக்கும் நம்பர் 0க்குப் பக்கத்துலயே நிக்கும், ஐஸ் தீர்ந்ததும் ஏற ஆரம்பிக்கும், கொதிக்க ஆரம்பிச்சதும் 100க்குப் பக்கத்துல மறுபடி நிக்கும். அந்தக் கட்டத்துல ஆவி வர பக்கம் கையை நீட்டாதீங்க, ஏன்னு படி 7ல வரும்.

ரீடிங்கை கிராஃபா போடுங்க, இதுதான் ரெண்டாவது படம், படுக்கையில நேரம், நிக்கிறதுல டெம்பரேச்சர். சாய்வு, சமதளம், சாய்வு, சமதளம்னு வரும். இப்ப படி 2ல எழுதின விதியை எடுத்து வைங்க. சமதளத்துல டெம்பரேச்சர் அசையல, அப்ப சராசரி இயக்க ஆற்றலும் அசையல, ஆனா அடுப்பு எரிஞ்சுகிட்டே இருக்கு, ஆற்றல் உள்ள போய்கிட்டே இருக்கு, அப்ப போறது எங்கன்னா நிலை ஆற்றலுக்குத்தான். அடுக்கை உடைக்கற வேலைக்கு அது செலவாகுது. இதுக்குத்தான் உள்ளுறை வெப்பம்னு பேரு. 1760-கள்ல கிளாஸ்கோல ஜோசப் பிளாக்ங்கிற விஞ்ஞானி இதைப் பத்தி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தப்ப சொன்ன வாதம் எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு: உருகுற டெம்பரேச்சரைத் தொட்டதும் இன்னும் துளி வெப்பம் போதும், பனி மொத்தமும் தண்ணியாயிடும்னு இருந்திருந்தா, வசந்த காலத்துல மலைப்பனி எல்லாம் ஒரே நேரத்துல கரைஞ்சு பயங்கர வெள்ளம் வந்திருக்கும். அப்படி வரல, மெதுவாதான் கரையுது, ஏன்னா ஒவ்வொரு கிராம் பனிக்கும் தனியா ஆற்றல் கட்டியாகணும்.

படி 6: நம்பர் போட்டுப் பாருங்க

மைனஸ் 10 டிகிரில இருக்குற 100 கிராம் ஐஸை 500 வாட் ஹீட்டர்ல வைக்கிறோம், வெப்பம் எதுவும் வெளிய வீணாகலன்னு வச்சுக்குவோம். ஐஸை 0 டிகிரிக்குக் கொண்டு வர 2.1 கிலோஜூல், அதாவது 4 வினாடி. உருக்க 33.4 கிலோஜூல், சுமார் 67 வினாடி. தண்ணியை 0ல இருந்து 100க்கு ஏத்த சுமார் 42 கிலோஜூல், 84 வினாடி. அதை முழுசா ஆவியாக்க 226 கிலோஜூல், 452 வினாடி. மொத்தம் சுமார் பத்து நிமிஷம், அதுல ஏழரை நிமிஷம் ஆவியாக்கறதுக்கே போகுது, அந்த ஏழரை நிமிஷமும் தெர்மாமீட்டர் அசையாது.

உருக்கறதை விட ஆவியாக்க கிட்டத்தட்ட 7 மடங்கு ஏன்? படத்துக்குத் திரும்பிப் போனா பதில் இருக்கு. உருகும்போது துகள்கள் கிட்டத்துலயே இருந்துகிட்டு ஒழுங்கை மட்டும் இழக்குது, பள்ளத்துக்குள்ள கொஞ்சம் மேல ஏறுது, அவ்வளவுதான். ஆவியாகும்போது பள்ளத்தை விட்டே வெளிய வரணும், பக்கத்துல இருக்குற எல்லாத்தோட பிடியையும் விடுவிக்கணும்.

இதுல ஒரு நுணுக்கம் உண்டு, நிறைய இடத்துல இதைச் சொல்லாம விட்டுடுறாங்க. 1 கிலோ தண்ணி 100 டிகிரில நீராவியானா சுமார் 1.67 கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும், அந்த இடத்துல ஏற்கனவே இருக்குற காத்தைத் தள்ளித்தான் அது விரியணும், அந்தத் தள்ளுற வேலைக்கு சுமார் 170 கிலோஜூல் போயிடும். ஆக கொடுத்த 2,260ல 170 போக மீதி சுமார் 2,090 கிலோஜூல்தான் அக ஆற்றல் கூடினது. கொடுத்த வெப்பம் அப்படியே அக ஆற்றலா மாறிடுச்சுன்னு எழுதுறதுக்கு முன்னாடி, பொருள் விரிஞ்சு வெளிய வேலை செஞ்சுதான்னு ஒரு தடவை பாருங்க. உருகுறப்ப கன அளவு மாறுறது ரொம்பக் கம்மி, அதனால அங்க இந்தக் கவலை வேணாம்.

படி 7: திருப்பிப் போட்டுப் பாருங்க

மேல போன ஆற்றல் கீழ வரும்போது முழுசா வெளிய வரும். 1 கிராம் கொதிநீர் தோல் மேல பட்டு 37 டிகிரி வரைக்கும் ஆறினா சுமார் 260 ஜூல் கொடுக்கும். அதே 100 டிகிரில இருக்குற 1 கிராம் நீராவி, முதல்ல தண்ணியாக மாறும்போதே 2,260 ஜூலைக் கொட்டிட்டு, அதுக்கு அப்புறம் அந்த 260ஐயும் கொடுக்கும். டெம்பரேச்சர் ஒண்ணு, காயம் ஒண்ணு இல்ல.

இதைவிட எனக்கு ரொம்ப முக்கியமா படுற உதாரணம் கை சூடாக்குற ஜெல் பேக், உள்ள ஒரு சின்ன உலோகத் தகடு இருக்குமே, அதை அழுத்தினா திரவம் வெள்ளையா கெட்டியாகி சூடாகும். உள்ள இருக்குறது சோடியம் அசிட்டேட், தண்ணியோட சேர்ந்த அதோட படிகம் 58 டிகிரில உருகும். உருக்கிட்டு மெதுவா ஆறவிட்டா அறை டெம்பரேச்சருக்கு வந்தும் உறையாம திரவமாவே நிக்கும். தகட்டை அழுத்தினதும் ஒரு இடத்துல படிகம் ஆரம்பிச்சு சில வினாடில முழுக்கப் பரவும், டெம்பரேச்சர் 50 டிகிரியைத் தாண்டிடும். வெளிய இருந்து யாரும் வெப்பம் கொடுக்கல, பேட்டரி இல்ல, தீ இல்ல, பின்ன சூடு எங்க இருந்து வந்துச்சு? ஒழுங்கில்லாம கிடந்த துகள்கள் அடுக்குக்குள்ள போனதும் நிலை ஆற்றல் இறங்குது, இறங்கினது அப்படியே இயக்க ஆற்றலா மாறுது. அந்த சில வினாடிக்குள்ள வெப்பம் வெளிய போக நேரமே இல்லங்கறதால மொத்த அக ஆற்றல் கிட்டத்தட்ட அதே அளவுதான், உள்ளுக்குள்ளேயே ஒரு பங்குல இருந்து இன்னொரு பங்குக்கு கைமாறியிருக்கு. அக ஆற்றல் மாறாமலே டெம்பரேச்சர் ஏற முடியும், டெம்பரேச்சர் மாறாமலே அக ஆற்றல் ஏற முடியும், ஐஸும் ஜெல் பேக்கும் பக்கத்துல பக்கத்துல வச்சா இந்த ரெண்டும் புரிஞ்சுடும்.

படி 8: குறுக்குவழி எங்க உடையும்னு தெரிஞ்சு வச்சுக்கங்க

"தூரம் கூடினா நிலை ஆற்றல் கூடும்"னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தா ஐஸ் உங்களை மடக்கிடும். ஐஸோட அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 917 கிலோ, 0 டிகிரி தண்ணிக்கு சுமார் 1,000. அதாவது உருகினா மூலக்கூறுகள் சராசரியா இன்னும் நெருக்கமாத்தான் வருது, ஆனாலும் நிலை ஆற்றல் கூடுது. காரணம், ஐஸ்ல ஒவ்வொரு மூலக்கூறும் நாலு பக்கத்துக்காரங்களோட சரியான கோணத்துல திரும்பி நின்னு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டிருக்கு, அந்தக் கோணத்துக்காகவே நடுவுல காலி இடம் விட்டிருக்கு. உருகும்போது கோணம் கெடுது, சில பிணைப்பு அறுபடுது, மூலக்கூறுகள் அந்தக் காலி இடத்துல சரியுது. அதனால தூரம்னு மட்டும் சொல்லாம அடுக்குன்னு சொல்லிப் பழகுங்க.

அடுத்தது, "சாய்வான பகுதியில இயக்க ஆற்றல் மட்டும்தான் ஏறும்"ங்கிற வரி. ஆரம்பப் பாடத்துக்கு இதை ஏத்துக்குவாங்க, ஆனா முழு உண்மை இல்ல. சாலிட்ல அதிர்வு பெருசாகும்போது துகள் பள்ளத்தோட சரிவுல மேல ஏறி ஏறி இறங்குது, அதனால கொடுக்குற ஆற்றல்ல ஏறக்குறைய பாதி நிலை ஆற்றலுக்குப் போகும். இதுக்கு நம்பர்லயே சாட்சி இருக்கு: ஒரு மோல் (எந்தப் பொருளா இருந்தாலும் ஒரே எண்ணிக்கை துகள்கள் இருக்குற அளவு) ஆர்கான் கேஸை கன அளவு மாறாம 1 டிகிரி ஏத்த சுமார் 12.5 ஜூல் போதும், ஒரு மோல் செம்புக்கு சுமார் 24.4 ஜூல் வேணும், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பல உலோகங்களுக்கு இந்த அளவு 25க்குப் பக்கத்துலயே வருதுன்னு டூலாங், பெட்டிங்கிற ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1819லயே கண்டுபிடிச்சாங்க, அந்த ரெண்டாவது 12.5 நிலை ஆற்றலோட பங்குங்கிற விளக்கம் பின்னாடிதான் வந்துச்சு.

கேஸ் பத்தி சுருக்கமா. துகள்களுக்கு நடுவுல இழுப்பே இல்லன்னு வச்சுக்குற இலட்சிய வாயுவுக்கு நிலை ஆற்றல் பங்கு கிடையாது, அக ஆற்றல் டெம்பரேச்சரை மட்டும் பொறுத்தது. 1845ல ஜூல் அழுத்தமான காத்தை ஒரு காலிப் பாத்திரத்துக்குள்ள திறந்துவிட்டு சுத்தியிருந்த தண்ணியோட டெம்பரேச்சரை அளந்தப்ப மாத்தம் எதுவும் தெரியல. ஆனா நிஜக் காத்துல கொஞ்சம் இழுப்பு இருக்கு, விரியும்போது நிலை ஆற்றல் துளி ஏறி டெம்பரேச்சர் துளி இறங்கத்தான் செய்யும், அந்தத் தண்ணியில அளக்குற அளவுக்கு அது பெருசா இல்ல, அவ்வளவுதான்.

படி 9: பதில் எழுதும்போது

எந்தக் கேள்வி வந்தாலும் ரெண்டு கேள்வியைத் தனித்தனியா கேளுங்க: டெம்பரேச்சர் மாறுச்சா, அடுக்கு மாறுச்சா. முதல் பதில் இயக்க ஆற்றலுக்கு, ரெண்டாவது நிலை ஆற்றலுக்கு, அப்புறம் ரெண்டையும் கூட்டி அக ஆற்றலுக்கு ஒரு வரி. "பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவரும்"னு மட்டும் எழுதிடாதீங்க, பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்கணும், பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிய வரும். உருகுறப்ப மூலக்கூறுக்கு உள்ள இருக்குற ஹைட்ரஜன் ஆக்சிஜன் பிணைப்பு உடையுதுன்னும் எழுதக் கூடாது, அது பத்திரமா அப்படியே இருக்கு, மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவுல இருக்குற பிடிதான் தளருது.

பழகிப் பார்க்க ஒண்ணு. 12 கிராம் கிராஃபைட், 12 கிராம் வைரம், ரெண்டும் 25 டிகிரில இருக்கு, ரெண்டும் சுத்தமான கார்பன், அணுக்களோட எண்ணிக்கையும் ஒண்ணு, எதுக்கு அக ஆற்றல் அதிகம்? டெம்பரேச்சர் ஒண்ணுங்கறதால முதல் கேள்வியில பெரிய வித்தியாசம் கிடைக்காது, அடுக்கைத்தான் பார்க்கணும். கிராஃபைட்ல தாள் தாளா அடுக்கு, வைரத்துல நாலு பக்கமும் கட்டின அடுக்கு. எது மேல எது கீழங்கிறதை வெறும் படம் பார்த்து சொல்ல முடியாது, எரிச்சு அளக்கணும்: ரெண்டுமே கடைசியில அதே அளவு கார்பன் டை ஆக்சைடா முடியறதால, அதிக வெப்பம் கொடுக்கறது எதுவோ அதுதான் மேல இருந்து இறங்கியிருக்கு. கிராஃபைட் 393.5 கிலோஜூல் கொடுக்கும், வைரம் 395.4.